மேல ஒரு கீறல் இல்ல, ஆடு எப்படிச் செத்துச்சு? வெடி அதிர்ச்சி பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கரிசல்காட்டான் | செவ்வாய் இரவு 9.40

வணக்கம் மக்களே. நமக்கு விருதுநகர் மாவட்டத்துல ஒரு கிராமம். பதினோரு வெள்ளாடு வச்சிருந்தேன், இன்னிக்கு மூணு போச்சு. எங்க புஞ்சைக்கு வடக்க வேலிய ஒட்டி ஒரு பயர் ஆபீஸ், அதான் பட்டாசு ஆலை, இருக்கு, பேரு வேணாம். அங்க வெளிய மேடையில வெடி மருந்து காய வச்சிருந்தாங்க, மத்தியானம் ஒரு மணிக்கு மேல இருக்கும், அது ஒரே போடா வெடிச்சுருச்சு. சாப்பாட்டு நேரங்கிறதால பக்கத்துல ஆளு யாரும் இல்ல, மனுச உசுரு ஒண்ணும் போகல, அந்த மட்டுக்கும் சாமி காப்பாத்துச்சு.

என் ஆட்டுல நாலு, பம்புசெட்டு ரூமோட வடக்குச் சுவர ஒட்டி நிழலுக்குப் படுத்திருந்துச்சு. மேடைக்கும் அந்தச் சுவருக்கும் முப்பது அடி இருந்தா ஜாஸ்தி. மிச்சம் ஏழும் கிழக்க தள்ளி வெட்டவெளியில ஒரு எழுபது எம்பது அடியில மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் ஓடிப்போய் பாக்குறப்ப சுவரோரம் கிடந்ததுல ஒண்ணு அப்பவே செத்துக் கெடக்கு, ரெண்டு எந்திரிச்சு நாலு அடி வச்சு படுத்துக்கிச்சு, மூக்குல சோப்பு நுரை மாதிரி வருது, வெள்ளையா இல்ல, ரோஸ் கலர்ல. அரை மணி நேரத்துல அதுவும் போயிருச்சு. நாலாவது ஒரு சினை ஆடு, அது உசுரோட இருக்கு ஆனா மூச்சு பொசுபொசுன்னு வாங்குது. வெளிய நின்ன ஏழுல ரெண்டுக்கு காதுல லேசா ரத்தம், வேற ஒண்ணும் இல்ல.

இதுல எனக்குப் புரியாதது என்னன்னா, செத்த மூணையும் நானே புரட்டிப் புரட்டிப் பாத்தேன், ஒரு கல்லு பட்ட காயம் இல்ல, தீக்காயம் இல்ல, முடிகூட கருகல. ஆபீஸ் தரப்புல வந்தவரு "இது பயத்துல செத்துருக்கும், இல்ல எதையாவது தின்னுருக்கும், நாங்க என்ன பண்றது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பயத்துல ஆடு சாகுமா? வெயில்ல வச்சிருக்க முடியாதுன்னு மூணையும் சாயந்தரமே குழி வெட்டிப் புதைச்சுட்டேன்.

தேரிமணல் | செவ்வாய் இரவு 10.05

அண்ணே மனசு கஷ்டமா இருக்கு. பயத்துல சாகும்ணே, எங்க பக்கம் தீபாவளிக்கு ஒரு வீட்டு முயல் அப்படித்தான் செத்துச்சு, கூண்டுக்குள்ளயே சுருண்டு கெடந்துச்சு. ஆனா வெள்ளாடு அப்படி மூணு ஒண்ணா சாகுமான்னு தெரியல.

ஆட்டுப்பட்டி டாக்டர் | செவ்வாய் இரவு 11.20

கரிசல் தம்பி, நான் கால்நடை மருத்துவர், இருபது வருசமா ஆடு மாடுதான். முதல்ல அந்த சினை ஆட்டப் பத்தி சொல்றேன், மத்தத அப்புறம் பேசுவோம். அத நடக்க விடாதீங்க, பட்டிக்கு ஓட்டிட்டுப் போகாதீங்க, இருக்கிற இடத்துலயே நிழல் போட்டு நெஞ்சு தரையில படுற மாதிரி, பக்கவாட்டுல சாயாம, உக்கார வச்ச வாக்குல விடுங்க. வாயில எதையும் ஊத்தாதீங்க, கசாயம், எண்ணெய், சோடா எதுவும் வேணாம், மூச்சு வாங்குற ஆட்டுக்கு ஊத்துனா நேரா நுரையீரலுக்குத்தான் போகும். காலையில முதல் வேலையா உங்க கால்நடை மருந்தகத்துக்கு ஆளு அனுப்பி டாக்டர அங்கயே வரச் சொல்லுங்க. குளுக்கோஸ் பாட்டில நிறைய ஏத்த வேணாம்னு அவருக்கே தெரியும், இருந்தாலும் வெடியில அடிபட்ட ஆடுன்னு சொல்லிருங்க, ஏன்னா அடிபட்ட நுரையீரல்ல தண்ணி சேந்துக்கும்.

இப்ப உங்க கேள்வி. அந்த ரோஸ் கலர் நுரை இருக்கே, அது பயத்தோட அடையாளம் இல்ல தம்பி, நுரையீரலுக்குள்ள ரத்தமும் காத்தும் கலந்து மேல வர்றது. வெடிச்ச உடனே காத்துல ஒரு அழுத்த அலை கிளம்பும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஒரு சுவரு மாதிரி வந்து உடம்பு மேல மோதும். தோலு, கறி, எலும்பு இதெல்லாம் அந்த அழுத்தத்த பெரும்பாலும் தாங்கிக்கும், ஏன்னா அதெல்லாம் கிட்டத்தட்ட தண்ணி மாதிரி, அமுங்காது. அடி வாங்குறது காத்து இருக்கிற இடம் மட்டும். காது, நுரையீரல், குடல், ஆட்டுக்கு கூடுதலா அந்தப் பெரிய முதல் இரைப்பை. நெஞ்சுக்கூடு ஒரு கணம் உள்ள தள்ளப்படும்போது நுரையீரல்ல இருக்கிற சின்னச் சின்ன காத்தறைங்களோட சுவரு கிழியும், மயிரிழை மாதிரி ரத்தக் குழாய்ங்க கிழியும், அறை முழுக்க ரத்தம் எறங்கும். வெளிய பாத்தா ஆடு தூங்குற மாதிரி இருக்கும். பிளந்து பாத்தா நுரையீரல் ரோஸ் நிறமா பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது, ஈரல் மாதிரி கறுத்து கனமா இருக்கும், விலா எலும்போட வரிசைய ஒட்டி கோடு கோடா ரத்தக் கட்டு தெரியும்.

உடனே செத்த அந்த முதல் ஆடு, அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கிழிஞ்ச காத்தறையில இருந்து காத்து குமிழியா ரத்தத்துக்குள்ள போயிரும், அங்கிருந்து இதயத்துக்குப் போற குழாய்லயோ மூளைக்குப் போற குழாய்லயோ அடைச்சுக்கும். அப்படி ஆனா நிமிசக் கணக்குதான்.

புதைச்சது பரவாயில்ல, உங்களுக்குத் தெரியாது. ஆனா இன்னொண்ணு போச்சுன்னா, போகக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிறேன், போச்சுன்னா புதைக்காதீங்க, போஸ்ட்மார்ட்டம் இல்லாம நம்ம பேச்ச யாரும் கேக்க மாட்டாங்க.

தேரிமணல் | செவ்வாய் இரவு 11.48

டாக்டர், அப்ப பயத்துல சாகுறதே கிடையாதா?

ஆட்டுப்பட்டி டாக்டர் | புதன் காலை 6.10

இருக்கு தேரி, காட்டு மான பிடிக்கும்போது ஓடி ஓடி தசை கெட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு சாகுறது நாங்க பாத்தது. முயலும் அப்படி சட்டுன்னு போகும். ஆனா படுத்திருந்த ஆடு, ஓடல, முட்டல, கூட்டத்துல நசுங்கல, அப்புறம் மூக்குல ரத்த நுரை. இத பயம்னு எழுத எனக்குக் கை வராது.

இன்னொண்ணும் சொல்லணும், வெடி நெஞ்சுல பட்ட உடனே விலங்கு துவண்டு விழறத பாத்து பயந்துருச்சுன்னு நினைக்கிறது ரொம்ப நாளா நடக்குது. மயக்க மருந்து கொடுத்த எலிங்கள வச்சு பிரிட்டன்ல 1990கள்ல இருந்து பாத்திருக்காங்க. நெஞ்சுல அதிர்ச்சி அலை பட்ட உடனே மூணு நடக்குது, மூச்சு கொஞ்ச நேரம் நின்னு போகுது, இதயத் துடிப்பு இறங்குது, ரத்த அழுத்தம் விழுது. கழுத்து வழியா போற வேகஸ் நரம்ப முன்னாடியே வெட்டிட்டு அதே சோதனைய பண்ணா முதல் ரெண்டும் வரல. மயக்கத்துல இருக்கிற எலிக்கு ஏது பயம்? அது நுரையீரல்ல இருந்து நரம்பு வழியா போற சேதி, உடம்பு தானா செய்யுறது.

மின்னல்வேந்தன் | புதன் காலை 8.30

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர், குவாரி வெடி அளக்குற வேலையில கொஞ்ச வருசம் இருந்தேன். கரிசல் அண்ணன் சொன்னதுல எனக்கு மனசுல தைச்சது அந்த சுவருதான். சுவரோரம் கிடந்த நாலுல மூணு போச்சு, வெட்டவெளியில இருந்த ஏழுல ஒண்ணுகூட போகல. தூரம் ஒரு காரணம், சரி, ஆனா சுவரு பாதி கொலைய பண்ணிருக்கு.

அழுத்த அலை திடமான சுவத்துல நேரா மோதும்போது அப்படியே நிக்காது, திரும்பும், திரும்புற அலையும் வர்ற அலையும் அந்த இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி குறைஞ்சது ரெண்டு மடங்கு ஆகும், அலை பலமா இருந்தா அதுக்கும் மேல, கணக்குல எட்டு மடங்கு வரைக்கும் போகும். சுவத்துல சாஞ்சு படுத்த ஆட்டுக்கு அந்த மொத்தமும் விழுது. நிழலுக்குப் போய் படுத்ததுதான் அதுங்க செஞ்ச தப்பு, பாவம்.

தூரத்தப் பத்தி ஒரு கணக்கு இருக்கு, மருந்து எட்டு மடங்கு ஆனாத்தான் அதே அழுத்தம் ரெண்டு மடங்கு தூரத்துக்குப் போகும், கன மூலக் கணக்கு. அதனால பக்கத்துல இருக்கிறப்ப ரெண்டு எட்டு தள்ளி நிக்குறதே உசுருக்கும் சாவுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். காது சவ்வு கிழிய ஆரம்பிக்கிறது சுமார் 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு அஞ்சு பவுண்டு) அழுத்தத்துல, அதாவது 35 கிலோபாஸ்கல் பக்கம். நுரையீரலுக்கு அத விட பல மடங்கு வேணும். எழுபது அடியில காதுல ரத்தம், முப்பது அடியில சுவரோரம் சாவு, ரெண்டும் ஒரே வெடியோட ரெண்டு புள்ளின்னு பாத்தா அப்படியே பொருந்துது.

இன்னொரு விசயம், காய வச்ச மருந்துங்கிறதால கல்லு இரும்பு எதுவும் பறக்கல. கட்டடத்துக்குள்ள வெடிச்சிருந்தா செங்கல்லு கிழிச்சிருக்கும், எல்லாரும் காயத்தப் பாத்து வெடின்னு ஒத்துக்கிட்டுருப்பாங்க. இங்க காத்து மட்டும்தான் அடிச்சிருக்கு, அதான் நம்ப மாட்டேங்குறாங்க.

பழையதாள் | புதன் மதியம் 1.15

மின்னல் சொன்ன சுவர் விசயத்த ஒரு பெரிய ஆராய்ச்சியே பண்ணி வரைபடமா போட்டு வச்சிருக்காங்க. அமெரிக்காவுல நியூ மெக்சிகோ, ஆல்புகர்க்கில லவ்லேஸ் ஃபவுண்டேஷன்னு ஒண்ணு, 1950கள்ல இருந்து அங்க கிளேட்டன் ஒயிட், டொனால்ட் ரிச்மண்ட், ஜெரால்ட் போவன்னு ஒரு குழு காத்தழுத்த அதிர்ச்சி விலங்கு உடம்ப என்ன பண்ணுதுங்கிறத மட்டுமே வருசக் கணக்கா பாத்தாங்க. அணுகுண்டு வந்தா மனுசன் எவ்ளோ தாங்குவான்னு தெரியணும், மனுசன வச்சு பாக்க முடியாது, அதனால விலங்கு. அதிர்ச்சிக் குழாய்னு ஒரு நீளமான இரும்புக் குழாய் வச்சு, அப்புறம் வெளியில நிஜ வெடி வச்சு, சுண்டெலியில தொடங்கி காளை வரைக்கும் பதிமூணு வகை பாலூட்டிங்க, ரெண்டாயிரத்துக்கும் மேல உசுருங்க. 1968ல போவன், ஃப்ளெட்சர், ரிச்மண்ட் மூணு பேரும் எவ்ளோ அழுத்தம் எவ்ளோ நேரம் நின்னா சாவுன்னு போட்ட அந்த வளைகோட்டத்தான் இன்னிக்கும் போவன் வளைகோடுன்னு சொல்றாங்க. அதுல மூணு நிலை தனித்தனியா இருக்கும்: அலை வர்ற திசையில நீட்டிப் படுத்த உடம்பு, குறுக்க நிக்கிற உடம்பு, சுவரு மாதிரி திருப்பி அடிக்கிற பரப்புக்கு முன்னாடி இருக்கிற உடம்பு. மூணாவதுக்குத்தான் குறைஞ்ச அழுத்தத்துலயே சாவு. கரிசல் அண்ணனோட நாலு ஆடும் அந்த மூணாவது கோட்டுல படுத்திருக்கு.

எனக்கு அதுல ரொம்ப ஆச்சரியமா பட்டது என்னன்னா, விலங்குங்க ரெண்டு கூட்டமா பிரிஞ்சு நின்னுச்சு. சுண்டெலி, எலி, ஹாம்ஸ்டர், கினி பன்றி, முயல் இதெல்லாம் குறைவா தாங்குச்சு. குரங்கு, பூனை, நாய், வெள்ளாடு, செம்மறி, பன்றி, கழுதை, காளை இதெல்லாம் கூடுதலா தாங்குச்சு. உடம்பு எடை மட்டும் காரணம்னா பூனையும் முயலும் ஒரே கூட்டத்துல இருந்திருக்கணும், இல்ல. உடம்பு எடைக்கு நுரையீரல் எவ்ளோ கொள்ளும், நுரையீரல் எவ்ளோ அடர்த்தி, இதுலதான் வித்தியாசம்னு அவங்க பாத்தாங்க.

அதே மாதிரி அழுத்தம் எவ்ளோ நேரம் நிக்குதுங்கிறதும் முக்கியம். அஞ்சு மில்லி நொடி நிக்குற அலை சுண்டெலிக்கு ரொம்ப நேரம், அது முழுசா அமுங்கி முடிச்சிரும். மாட்டோட நெஞ்சுக்கூடு முழுசா அமுங்குறதுக்குள்ள அலை போயிருக்கும். அதனால சின்ன வெடிக்கு பெரிய விலங்கு ரொம்ப அழுத்தம் தாங்கும், அணுகுண்டு மாதிரி நீண்ட அலைக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

தேரிமணல் | புதன் மதியம் 2.02

ரெண்டாயிரம் உசுரா. அதுல வெள்ளாடும் இருந்துச்சான்னு படிக்கும்போது என்னமோ பண்ணுது அண்ணே.

பழையதாள் | புதன் மதியம் 2.40

எனக்கும் தேரி. முதல் தடவ அந்த அறிக்கைங்கள படிச்சப்ப ஒரு நாள் முழுக்க வேற வேலை ஓடல. 1946ல பசிபிக் கடல்ல பிகினிங்கிற தீவுல அமெரிக்கா பண்ணுன அணுகுண்டு சோதனைக்கு காலிக் கப்பல்கள்ல வெள்ளாட்டையும் பன்னியையும் ஆயிரக்கணக்குல எலியையும் கட்டி வச்சாங்க, அதுல தப்பிச்சதுங்கள்லயும் பலது கதிர்வீச்சுல செத்துச்சு. அத நான் சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்கு ஒருத்தன் ஆட்ட புதைச்சுட்டு நிக்குறப்ப "பயத்துல செத்துச்சு"ன்னு சொல்றவனுக்கு பதில் சொல்ல நம்மகிட்ட இருக்கிறது அந்த ஆடுங்க குடுத்த கணக்குதான். அத படிக்காம விட்டா அதுங்க செத்தது இன்னும் வீணா போகும்னு நான் நினைக்கிறேன்.

சோலைக்கிளி | புதன் மாலை 5.30

குறுக்க ஒரு சந்தேகம். அழுத்தம் மூக்கு வாய் வழியா உள்ள போய்த்தான நுரையீரல கிழிக்குது? அப்ப மூக்க மூடுனா தப்பிக்குமா?

பழையதாள் | புதன் மாலை 6.20

இதே சந்தேகம் 1940க்கு முன்னாடி டாக்டருங்களுக்கே இருந்துச்சு. காத்து மூச்சுக்குழாய் வழியா புகுந்து ஊத வச்சு கிழிக்குதுன்னு ஒரு கட்சி, பின்னால வர்ற தாழ்வழுத்தம் உறிஞ்சி கிழிக்குதுன்னு ஒரு கட்சி. லண்டன்ல குண்டு விழப்போகுதுன்னு தெரிஞ்சப்ப சோலி சக்கர்மேன்னு ஆக்ஸ்ஃபோர்டுல இருந்த உடற்கூறு நிபுணர்கிட்ட இந்த வேலைய குடுத்தாங்க. அவரு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த பலூன வெடிக்க வச்சாரு, நிஜ வெடிமருந்தும் வச்சாரு. முயலுங்களுக்கு தடிமனான ரப்பர் சட்டை போட்டு விட்டாரு, தலை மட்டும் வெளிய. மூக்கு வழியா போறது உண்மைன்னா சட்டை போட்டாலும் நுரையீரல் கெடணும். கெடல. உடம்பு வெளிய இருந்த முயலுக்குத்தான் கெட்டுச்சு. ஒரு பக்கம் மட்டும் மறைச்சப்ப திறந்திருந்த பக்கத்து நுரையீரல்தான் கூடுதலா அடி வாங்குச்சு. 1940ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. அடி நெஞ்சுச் சுவர் மேலதான், மூக்குல இல்லன்னு அன்னிக்கு முடிவாச்சு.

மின்னல்வேந்தன் | புதன் மாலை 7.05

பழையதாள் சொன்னது சரி, ஆனா இத படிச்சுட்டு யாராவது பயர் ஆபீஸ் பக்கத்துல ஆட்டுக்கு, ஏன் வேலை பாக்குற ஆளுக்கே, ரப்பர் மெத்த சட்டை போட்டா தப்பிக்கலாம்னு நினைச்சுரக் கூடாது, ரொம்ப ஆபத்து. 1988ல அமெரிக்காவுல செம்மறி ஆடுங்களுக்கு துணியில செஞ்ச குண்டு துளைக்காத சட்டைய போட்டு அதிர்ச்சி அலைல வச்சுப் பாத்தாங்க, சட்டை போட்ட ஆட்டுக்கு நுரையீரல் காயம் கூடித்தான் போச்சு, குறையல. அப்புறம் பிரிட்டன்ல கிரஹாம் கூப்பர் குழு 1991ல போட்டதுல, மெத்து மெத்துன்னு இருக்கிற ஃபோம் மட்டும் மேல வச்சா காயம் ஜாஸ்தி, அதே ஃபோம் மேல கெட்டியான கனமான தகடு ஒண்ணு வச்சா காயம் நல்லா குறையுது.

சோலைக்கிளி | புதன் மாலை 7.20

அது எப்படி? முயலுக்கு ரப்பர் காப்பாத்துச்சு, ஆட்டுக்கு துணி கொன்னுச்சுன்னா ரெண்டுல ஒண்ணு தப்பா இருக்கணுமே.

மின்னல்வேந்தன் | புதன் இரவு 8.45

ரெண்டும் சரிதான் சோலை. பிடி எங்க இருக்குன்னா, காத்துக்கும் உடம்புக்கும் நடுவுல நீ என்னத்த வைக்கிறங்கிறதுல. வெறும் உடம்புல அலை மோதும்போது காத்துக்கும் தோலுக்கும் அடர்த்தி ரொம்ப வித்தியாசங்கிறதால பெரும்பகுதி திரும்பிப் போயிரும். நடுவுல காத்தும் இல்லாத கறியும் இல்லாத ஒரு மெத்த வச்சா அது ஒரு படிக்கட்டு மாதிரி ஆயிரும், அலை ஏறி உள்ள வர சுலபமாயிரும், மெத்த அமுங்கி முடியும்போது நெஞ்ச ஓங்கிக் குத்தவும் செய்யும். அமுங்கி முடியாத அளவுக்கு மொத்தமா, எடையோட இருந்தா நெஞ்சுச் சுவரு நகருற வேகமே குறைஞ்சிரும், அப்ப காப்பாத்தும். முயல் மாதிரி சின்ன உடம்புக்கு அந்த ரப்பர் உடம்பு அளவுக்கே தடிமன், ஆட்டு மேல போட்ட துணி அப்படி இல்ல. தடிமன், எடை, வெடியோட பலம் மூணையும் சொல்லாம "இது காப்பாத்தும்"னு யாரு சொன்னாலும் நம்பக் கூடாது.

நிலாவெளி | புதன் இரவு 9.30

நான் திருகோணமலை. இஞ்ச டைனமைட் அடிச்சு மீன் பிடிக்கிற ஆக்கள் இருக்கினம், சட்டத்தில தடை எண்டாலும் விட்ட பாடில்லை. அடிச்ச பிறகு மேல மிதக்கிற மீனைப் பிளந்து பாத்தா வயித்துக்குள்ள இருக்கிற காத்துப் பை வெடிச்சிருக்கும், முள்ளை ஒட்டி ரத்தம் கட்டியிருக்கும், வெளியால செதில் ஒண்டும் கழண்டிராது. சந்தையில அந்த மீனை கை வச்ச உடனயே எங்கட அம்மா கண்டுபிடிச்சிடுவா, வயிறு தொளதொள எண்டு இருக்குமாம். காத்துப் பை இல்லாத தட்டை மீன் வகை அனேகமாத் தப்பிடுது. டாக்டர் ஐயா சொன்ன "காத்து இருக்கிற இடம்தான் அடி வாங்கும்" எண்டதை வாசிக்கேக்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஆட்டுப்பட்டி டாக்டர் | புதன் இரவு 10.15

நிலாவெளி, நீங்க சொன்னத நான் இனி மாணவங்களுக்கு சொல்லுவேன். தண்ணிக்குள்ள காத்த விட அந்த அலை ரொம்ப தூரம் போகும், குடல் காயமும் அங்கதான் அதிகம்.

தேரிமணல் | வியாழன் காலை 9.00

அப்ப தீபாவளி வெடிக்கு நாய் நடுங்குறது, அதுவும் நுரையீரல் காயமா? எங்க வீட்டு நாய் மூணு நாள் கட்டிலுக்கு அடியிலயே கெடக்கும்.

மின்னல்வேந்தன் | வியாழன் காலை 10.10

இல்ல தேரி, அது வேற அளவு. நம்ம நாட்டு விதிப்படி பட்டாசு வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர்ல உச்ச சத்தம் 145 டெசிபலுக்கு மேல போகக் கூடாது. 145 டெசிபல்ங்கிறது அழுத்தக் கணக்குல 0.36 கிலோபாஸ்கல் பக்கம் வரும். காது சவ்வு கிழியுற 35 கிலோபாஸ்கல்ல நூறுல ஒரு பங்கு. நுரையீரலுக்கு பக்கத்துலயே போகாது. ஆனா காதுக்குள்ள இருக்கிற மெல்லிசான கேட்கும் செல்லுங்க சவ்வு கிழியாமலே கெடும், நாய் காது நம்ம காத விட கூர்மை, அந்தப் பயமும் வலியும் நிஜம். அதுக்காக அத வெடிக் காயம்னு சொன்னா கரிசல் அண்ணன் ஆட்டுக்கு நடந்தது சாதாரணமாயிரும், அதான் பிரிச்சுச் சொல்றேன்.

பறவைங்களுக்கும் அப்படித்தான். 2010 கடைசி ராத்திரி அமெரிக்காவுல பீப்னு ஒரு ஊர்ல ஆயிரக்கணக்குல கரும்பறவைங்க செத்து விழுந்துச்சு, அழுத்தம் கொல்லல, வாணவெடிக்கு பயந்து இருட்டுல எந்திரிச்சுப் பறந்து வீட்டு மேலயும் மரத்து மேலயும் மோதித்தான் செத்துச்சு. நம்ம சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டில, வேட்டங்குடி பறவைங்களுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடாம இருக்கிறது இதுக்காகத்தான், கூட்டுல குஞ்சு இருக்கிற நேரம் தாய் எந்திரிச்சுப் போயிரக் கூடாதுன்னு.

சோலைக்கிளி | வியாழன் மதியம் 12.30

சினை ஆடு எப்படி இருக்கு அண்ணே? ரெண்டு நாளா ஒண்ணும் போடலையே.

கரிசல்காட்டான் | வெள்ளி இரவு 8.15

மன்னிக்கணும், போன் எடுக்கவே மனசு வரல. வியாழன் விடியக்காலம் நாலு மணிக்கு சினை ஆடு போயிருச்சு. டாக்டர் சொன்ன மாதிரி நகத்தல, எதுவும் ஊத்தல, சாக்க நனைச்சு மேல பந்தல் போட்டு நானும் எங்க அம்மாவும் மாத்தி மாத்தி பக்கத்துலயே இருந்தோம். புதன்கிழமை சாயந்தரம் ரெண்டு வாய் அகத்தி தின்னுச்சு, பொழைச்சுக்கும்னுதான் நெனச்சேன். ராத்திரி மறுபடி மூச்சு ஏறிருச்சு.

புதைக்கல. வண்டி வச்சு அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வெடி நடந்தது, சுவரு, தூரம் எல்லாம் சொல்லி, பிளந்து பாக்கச் சொன்னேன். அங்க இருந்த டாக்டரம்மா என்னையும் பக்கத்துல நின்னு பாக்க விட்டாங்க. மேல தோல உரிச்சப்ப ஒரு கன்னிப்போன இடம்கூட இல்ல. நெஞ்ச திறந்தாங்க. வலது பக்கம், அதாவது மேடைய பாத்துப் படுத்திருந்த பக்கம், நுரையீரல் கறுத்து ஈரல் மாதிரி இருந்துச்சு, அதுல வரி வரியா, நம்ம ஆட்டுப்பட்டி டாக்டர் சொன்ன அதே கோடு. நான் விரல வச்சு எண்ணுனேன், நாலு கோடு. இடது பக்கம் அங்கங்க புள்ளி புள்ளியா. மூச்சுக்குழாய கிழிச்சப்ப ரோஸ் நுரை. முதல் இரைப்பையில ஒரு இடத்துல உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக்கட்டு. ரெண்டு குட்டி இருந்துச்சு உள்ள.

அந்தம்மா அறிக்கையில வெடி அழுத்தத்தால நுரையீரல்ல ரத்தக்கசிவுன்னு காரணம் எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. வி.ஏ.ஓ.கிட்டயும் ஸ்டேசன்லயும் நகல் குடுத்துட்டேன். பயத்துல செத்துச்சுன்னு சொன்னவரு இன்னிக்கு வந்தாரு, கோட்டப் பத்தி சொன்னேன், ஒண்ணும் பேசல.

ஆட்டுப்பட்டி டாக்டர் | வெள்ளி இரவு 9.00

தம்பி, நீங்க செய்ய வேண்டியத செஞ்சுட்டீங்க. அவ்வளவு அடி வாங்குன நுரையீரலோட ரெண்டு நாள் இருந்ததே பெருசு. மிச்சம் ஏழையும் ஒரு வாரத்துக்கு தூரமா ஓட்டாதீங்க, மூச்சு, இருமல் பாத்துக்கிட்டே இருங்க. காதுல ரத்தம் வந்ததுங்களுக்கு காதுக்குள்ள எதையும் விடாதீங்க, எண்ணெய்கூட வேணாம், சவ்வு பெரும்பாலும் தானா மூடிக்கும், சீழ் வந்தா மட்டும் காட்டுங்க.

கரிசல்காட்டான் | சனி காலை 7.20

சரிங்க டாக்டர். ஏழும் மேயுது, மூச்சு நல்லா இருக்கு. காதுல ரத்தம் வந்த ரெண்டு மட்டும், நான் "பா பா"ன்னு கூப்பிட்டா மத்ததெல்லாம் திரும்பி ஓடி வருது, அது ரெண்டும் நின்ன இடத்துலயே நிக்குது. பக்கத்துல போய் கழுத்த தொட்டாத்தான் நான் வந்ததே அதுக்குத் தெரியுது. மேய்ச்சல் முடிச்சு பட்டிக்குத் திரும்பும்போது ரெண்டையும் ஒரே கயித்துல கட்டி கையில பிடிச்சுத்தான் கூட்டிட்டு வர்றேன். பம்புசெட்டுச் சுவரு பக்கம் ஒண்ணும் போகாம முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சுட்டேன்.